பிறந்த குஞ்சுக்குப் பெயர் வைக்கும் கிளி! இருட்டுப் பொந்துக்குள் என்னதான் நடக்கிறது?

[காட்சி: மரப்பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் பச்சைத் தலை]

நாம் சொன்னதைக் கிளி திருப்பிச் சொல்லும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்னும் பறக்கக்கூடத் தெரியாத தன் குஞ்சுக்கு ஒரு கிளி பெயர் வைக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா? கதை விடவில்லை. கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன், அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை. சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஓட்டிவிடாதீர்கள்.

பெரும்பாலான கிளிகள் கூடு கட்டுவதில்லை. மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்து, கிளை முறிந்த இடத்தில் உளுத்துப்போன ஓட்டை என்று கிடைத்த இடத்தில் குடியேறும். முட்டை வெள்ளை. இருட்டுக்குள் ஒளித்து வைக்கப் புள்ளியும் வண்ணமும் எதற்கு? விதிவிலக்குகள் உண்டு. அர்ஜென்டினாவின் மாங்க் கிளி குச்சி அடுக்கி, பல ஜோடிகள் சேர்ந்து அடுக்குமாடி கட்டும், மின்கம்பத்தில்கூட. அதே நாட்டுக் கடற்கரையில் எல் கோண்டோர் என்ற இடத்தில் வேறொரு வகைக் கிளிகள் ஆயிரக்கணக்கான ஜோடிகளாகச் செங்குத்துப் பாறையைக் குடைந்து வாழ்கின்றன. அவ்வளவுதான் அடிப்படை.

சரி, இப்போது வெனிசுவேலா. அங்கே சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் குட்டையான ஒரு கிளி இருக்கிறது, பச்சைப்பிட்டக் குட்டிக்கிளி. புல்வெளிப் பண்ணை ஒன்றில், வேலிக் கம்பங்களில் பி.வி.சி. குழாய்களை மாட்டி வைத்தார்கள் ஆராய்ச்சியாளர்கள். பொந்துக்கு அலையும் கிளிகளுக்கு அது போதும், குடிவந்துவிட்டன. 1988இலிருந்து அங்கே இந்தக் கிளிகளைக் கவனித்து வருகிறார்கள்.

பெட்டை ஏழெட்டு முட்டை இடும், ஒரே நாளில் இல்லை, விட்டு விட்டு. ஆனால் முதல் முட்டை இட்டதுமே அடைகாக்க உட்கார்ந்துவிடும். ஆண் வெளியே போய் இரை தேடிவந்து அதற்கு ஊட்டும். இதனால் என்ன ஆகிறது? முதல் குஞ்சு பொரிந்து இரண்டு வாரம் கழித்துக்கூடக் கடைசிக் குஞ்சு பொரியும். வீட்டில் அண்ணன் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்க, தம்பி தொட்டிலில் கிடப்பது மாதிரி! மூத்ததுக்கு இறகு முளைக்கத் தொடங்கியிருக்கும். கடைக்குட்டியோ கண் மூடி, உடம்பில் பொட்டு இறகில்லாமல், தலையைத் தூக்க முடியாமல் ஆடிக்கொண்டிருக்கும். தாய் அதன் குட்டி அலகைத் தன் அலகால் குறுக்கே பிடித்து, தலையை மேலும் கீழும் ஆட்டி, தொண்டைப்பையில் சேர்த்து வைத்த இரையைக் கக்கி ஊட்டும். முதல் தடவை பார்த்தால் ஏதோ சண்டை என்றுதான் நினைப்பீர்கள்.

[காட்சி: குழாய்க்குள் வைத்த கேமரா. குஞ்சுகளின் குவியல், மேலே தாய்]

இப்போது பெயர். இந்தக் கிளி ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு குரல் உண்டு, 'நான் இன்னார்' என்று சொல்கிற ஒரு சின்னக் கீச்சு. மற்ற கிளிகள் அதைக் கூப்பிட வேண்டுமென்றால் அந்தக் கீச்சையே போலச் செய்யும். அப்படியானால் பெயர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? கேள்வி இதுதான்: இந்தக் குரல் பிறவியிலேயே வருகிறதா, யாராவது கற்றுத் தருகிறார்களா?

கார்ல் பெர்க் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஒரு குறும்பு செய்தார்கள். ஒரு கூட்டின் முட்டைகளை இன்னொரு கூட்டில் மாற்றி வைத்துவிட்டார்கள். தாய் தந்தைக்குச் சந்தேகமே இல்லை. குஞ்சுகள் பொரிந்து வளர, உள்ளே நடப்பதையெல்லாம் ஒலியோடு பதிவு செய்தார்கள். 2011இல் முடிவு வெளிவந்தது. குஞ்சுகளின் பெயர்க்கீச்சு பெற்றவர்களுடையதை ஒத்திருக்கவில்லை, வளர்த்தவர்களுடையதை ஒத்திருந்தது! அதுமட்டுமில்லை, குஞ்சு தானாகக் கீச்சிடத் தொடங்குவதற்கு முன்பே பெற்றோர் அந்தக் குரலைக் கொடுத்துவிடுகிறார்கள். குஞ்சு அதை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தன் இஷ்டத்துக்குத் திருத்திக்கொள்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் திருத்தம்தான். அப்பா வைத்த பெயரைச் சுருக்கிக்கொள்ளாதவர் நம்மில் யார்?

எதற்கு இத்தனை பாடு? குஞ்சுகள் பறந்தபிறகும் சில வாரம் பெற்றோர்தான் ஊட்ட வேண்டும். எல்லாம் ஒரே பச்சை, ஒரே அளவு, கூட்டத்தோடு கூட்டம். அதில் உன் பிள்ளை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்? கூப்பிட்டுத்தான். சும்மாவா கிளிகள் நம் பேச்சைப் பிடித்துக்கொள்கின்றன! கூண்டில் நமக்காகக் காட்டும் வித்தை, காட்டில் சொந்தக் குடும்பத்துக்காக வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

பாசக்கதை போதும், அடுத்தது கொஞ்சம் கொடூரம். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் எக்லெக்டஸ் கிளி. ஆண் பச்சை, பெண் சிவப்பு. ஒரு காலத்தில் இரண்டும் வேறு வேறு இனம் என்றே நினைத்தார்கள். நல்ல பொந்து கிடைப்பது அவ்வளவு அரிது என்பதால், பெண் வருடத்தில் 11 மாதம் வரை பொந்தைவிட்டு நகராமல் காவல் இருக்கும். நான்கைந்து ஆண்கள் மாறி மாறி இரை கொண்டுவந்து கொடுக்கும். மழை பெய்தால் தண்ணீர் இறங்குகிற மோசமான பொந்தாக இருந்தால், பொரிந்த சில நாளிலேயே ஆண் குஞ்சைத் தாயே கொன்றுவிடுவதும் உண்டு. பெண் குஞ்சு சில நாள் முன்னதாகப் பறந்துவிடும், பிழைக்க வாய்ப்பு அதிகம். கணக்கு அவ்வளவுதான். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, தெரியும்.

வாயைத் துடைத்துக்கொள்ள ஒன்று சொல்கிறேன். அதே பகுதியில் பொன்தோள் கிளி கறையான் புற்றைக் குடைந்து குஞ்சு பொரிக்கிறது. அந்தக் கூட்டுக்குள் ஒரு அந்துப்பூச்சியும் முட்டையிட்டுவிட்டுப் போகும். அதன் புழுக்கள் குஞ்சுகளின் எச்சத்தைத் தின்றே வளரும். வாடகையில்லாத துப்புரவு வேலை!

[காட்சி: புற்றின் வாசலில் பொன்தோள் கிளி]

இந்த மூன்றில் எந்தக் கூட்டில் குஞ்சாகப் பிறக்கச் சம்மதிப்பீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள். எக்லெக்டஸ் என்று எழுதுபவர்கள், முதலில் பொந்துக்கு மேலே கூரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.