காட்டுமாடு நின்னா ஃப்ரீ டிராப்… அது மிதிச்ச பள்ளத்துக்கு? | கொடைக்கானல்ல ஒரு கோல்ஃப் காலை

வணக்கம் மக்களே! குரல் நடுங்குறது பயத்துல இல்ல, குளிர்ல. நேத்து சாயங்காலம் திண்டுக்கல்ல கிளம்பும்போது ஏசி ஓடுச்சு. வத்தலகுண்டு தாண்டி மலை ஏற ஏற ஏசியை அணைச்சு, கண்ணாடியை ஏத்தி, கடைசில ஜெர்கினையும் மாட்டியாச்சு. இ-பாஸ் எடுக்காம கிளம்பிராதீங்க. 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கும் வண்டியில வர்ற வெளியூர்க்காரங்களுக்கு அது கட்டாயம்.

பின்னால தெரியுதா? கொடைக்கானல் கோல்ஃப் கிளப். 1895ல ஆரம்பிச்சது, 18 குழி. தூண் பாறை பாக்கப் போற கார்ல பாதிப் பேர் "ஏதோ புல்வெளி"ன்னு ஓரமா நிறுத்தி செல்ஃபி எடுத்துட்டுப் போயிருவாங்க. ஸ்கூல் டூர்ல வந்தப்போ நானும் அப்படித்தான் வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கிளப்புன்னா மெம்பருக்கு மட்டும்தான்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். வெளியாளும் முன்கூட்டியே ஃபோன்ல கேட்டு, கிரீன் ஃபீ, அதாவது ஆடறதுக்கான கட்டணம், கட்டி ஆடலாம். எவ்வளவுன்னு அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க. நான் ஒண்ணு சொல்லி நாளைக்கு அது கூடிப்போச்சுன்னா கமெண்ட்ல திட்டு எனக்குத்தான் விழும்.

என் ஆட்டத்தைப் பத்தி புதுசா வந்தவங்களுக்கு: ஹேண்டிகேப் 30, அதாவது மைதானத்துக்குக் குறிச்ச அடிக்கணக்கை விட சுமார் முப்பது கூட எடுக்கற ஆளு. பையில இருக்கறதெல்லாம் செகண்ட் ஹேண்ட் செட். 14 கிளப் (பந்து அடிக்கற மட்டை) வரைக்கும் வச்சுக்கலாம்னு விதி. எங்கிட்ட இருக்கறது 11, அதுல நம்பி எடுக்கறது மூணு.

(குழியோட ஆரம்ப எடமான டீயில இருந்து பந்தை அடிக்கும் சத்தம்)

ஆத்தாடி… போச்சு. வலது பக்கம், மரத்துக்குள்ள. மொத பந்தே! தேடறதுக்கு மூணு நிமிஷம்தான். 2019க்கு முன்னால அஞ்சு நிமிஷம் கொடுத்தாங்க. என்னை மாதிரி ஆளுகளைக் கேட்டிருந்தா அதைக் குறைச்சிருக்கவே மாட்டாங்க.

இப்ப மூணு குழி முடிஞ்சிருச்சு. என்கூடப் பையைத் தூக்கிட்டு வர்ற கேடி (caddie) அண்ணன் கேமரா முன்னால வர மாட்டேன்னுட்டார், அதனால முகம் காட்டல. ஆனா அவர் சொன்ன ஒண்ணைச் சொல்லியே ஆகணும். கிரீனுக்கு, அதாவது குழி இருக்கற வழவழப்பான புல்தரைக்கு, 140 யார்டு. வீட்டுப் பழக்கத்துல செவன் அயர்னை, அதாவது ஏழாம் நம்பர் மட்டையை, உருவினேன். நம்பர் கூடினா பந்து போற தூரம் குறையும். "சார், எட்டு எடுங்க"ன்னார். "இல்லண்ணே, நமக்கு ஏழுதான் சரிப்படும்"னு சொல்லி அடிச்சேன். பந்து கிரீனைத் தாண்டிப் பின்னால இருக்கற சரிவுல உருண்டு போயிருச்சு. கொடைக்கானல் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். காத்து அடர்த்தி கம்மி, பந்தைத் தடுக்கற விசையும் கம்மி. கீழ 140 போற பந்து இங்க 150 பக்கம் போகும். அண்ணன் இந்தக் கணக்கெல்லாம் பேசல. "கீழ இருந்து வர்றவங்க எல்லாரும் மொத நாள் இப்படித்தான் சார்"ன்னு சொல்லிட்டுப் பையைத் தூக்கிட்டு நடந்தார், அவ்வளவுதான்.

சரி, தலைப்புல போட்ட விஷயத்துக்கு வர்றேன்.

கேமராவை மெதுவாத் திருப்புறேன். அந்த ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவுல வெட்டின புல்தரை) ஓரம், கறுப்பா… ஒண்ணு, ரெண்டு… ஆறு. காட்டுமாடு! முழங்காலுக்குக் கீழ வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி தெரியுதா? காட்டெருமைன்னு நாம சொல்றோமே தவிர அது எருமை இல்ல, மாட்டு இனம்தான். பெரிய கடா ஒரு டன் எடை வரும். இங்க புல்லு நல்லா இருக்கு, அதுவும் மேயுது. நாம அது மேயற எடத்துல குச்சி வச்சு விளையாடிட்டு இருக்கோம்.

என் பந்து? அந்தக் கடாவோட முன்னங்காலுக்குப் பக்கத்துல! நூறு பந்து அடிச்சா ஒண்ணு விழுற மாதிரி நேரா போய் விழுந்த பந்து அது. சும்மா கிடக்குமா மனசு? ரெண்டு எட்டு வச்சேன். அண்ணன் தோளைப் பிடிச்சு இழுத்துட்டார். "அது தலையைத் தூக்கிப் பாத்துச்சுன்னா நீங்க கிட்டப் போயிட்டீங்கன்னு அர்த்தம்"ன்னார். நிஜமாவே தூக்கிப் பாத்துச்சு மக்களே. ஜூம் போடலாம்னு பாத்தேன், கை ஆடுது. இந்தத் தடவை குளிர்ல இல்ல.

கோல்ஃப்ல இதுக்கும் விதி இருக்கு, 16.2. ஆபத்தான விலங்கு பக்கத்துல இருந்து, அதனால பந்தை அடிக்க முடியலைன்னா, ஆபத்து இல்லாத எடத்துல அபராதமே இல்லாம வேற பந்தைப் போட்டுக்கலாம், அதான் ஃப்ரீ டிராப். பாம்பு, கரடி, கொட்டற தேனீன்னு உதாரணம் கொடுத்திருக்காங்க. காட்டுமாடு பேர் இல்ல, எழுதினவங்க கொடைக்கு வந்ததில்ல போல. நான் தள்ளி வந்து, முழங்கால் உயரத்துல இருந்து பந்தை விட்டு, நல்ல பிள்ளையா ஆடிட்டேன்.

இனிமேதான் கூத்து. அடுத்த குழி. மந்தை ராத்திரி நடந்து போன தடம், ஈர மண்ணு. என் பந்து உருண்டு போய் ஒரு குளம்புப் பள்ளத்துக்குள்ள கச்சிதமா உக்காந்திருச்சு, குழிப்பணியாரச் சட்டியில மாவு ஊத்தின மாதிரி. "அண்ணே, இதுக்கும் ஃப்ரீதானே?"ன்னு கேட்டேன். இல்லையாம்! விலங்கு தோண்டின வளைன்னா ஃப்ரீ. நடந்து போன கால்தடம் வளை ஆகாது, கிடக்கற மாதிரியே அடிக்கணும். நம்பாம ஃபோன்ல விதிப்புத்தகத்தை எடுத்துப் பாத்தேன், அவர் சொன்னதுதான். மாடு நின்னா சலுகை, போன பிறகு அது விட்டுட்டுப் போன பள்ளத்துக்குச் சலுகை இல்ல. பக்கத்துலயே சாணி கிடந்துச்சு. அதை மட்டும் தள்ளிக்கலாம், அதுவும் பந்து அசையாம. அசைஞ்சா ஸ்கோர்ல ஒரு அடி அபராதமா ஏறும். நான் தொடவே இல்ல, அது வேற காரணம்.

அந்தப் பள்ளத்துல இருந்து வெளிய வர நாலு தடவை அடிச்சேன். நாலாவதுல பந்தை விட மண்ணுதான் தூரம் போச்சு. இதே தடம் கிரீன் மேல இருந்திருந்தா சரி பண்ணிட்டு ஆடலாமாம், அங்க மட்டும் அனுமதி உண்டு. ஃபேர்வேல மாட்டினவன் பாடு அவன் பாடு.

கடைசி ஆறு குழிக்கு வீடியோ இல்ல. பள்ளத்தாக்குல இருந்து மேகம் ஏறி வந்து கொடிக்கம்பே தெரியல. அண்ணன் கை காட்டின திசையில குத்துமதிப்பா அடிச்சேன். சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த ஆறும்தான் இன்னைக்கு நான் உருப்படியா ஆடினது. எங்க போகுதுன்னு தெரியாததால அடிக்கும்போது தலையைத் தூக்கிப் பாக்கல போல.

ஸ்கோர் கேக்கறீங்களா? மொத்தம் 108 அடி. கோல்ஃப் குழியோட விட்டமும் 108 மில்லிமீட்டர்தான், அதைச் சொல்லி மனசைத் தேத்திக்கிட்டு கார்டை அண்ணன்கிட்ட காட்டினேன். பாத்துட்டு, "ஆம்புலன்ஸ் நம்பர் சார்"ன்னார்.

டீக்கடை தேடிப் போறேன், விரல் மடங்கல. அந்தக் கடாகிட்ட விட்டுட்டு வந்த பந்து புதுசு மக்களே, போன வாரம் வாங்கினது. யாராச்சும் பாத்தா எடுத்து வைங்க. மாடு போன பிறகு.