இதுவரை நடத்தியவர்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் நடுகல் பார்க்காதவர்கள் குறைவு. ஏரிக்கரையில், வேப்பமரத்தடியில், கொல்லை ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும். பல ஊர்களில் வேடியப்பன் என்று பொங்கல் வைப்பார்கள். தருமபுரி அருங்காட்சியகத்திலும் வைத்திருக்கிறார்கள். எழுத்துள்ள கல்லாக இருந்தால், எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர் மாடு கவரப்பட்டது, மீட்கப் போய் விழுந்தவன் யார் என்றெல்லாம் இருக்கும். ஆயிரம் வருடம் கடந்தும் அந்த ஆளின் பெயர் நமக்குத் தெரிகிறது. நட்டவர்கள் ஊரும் பேருமாக வெட்டி வைத்ததுதான் காரணம்.

வேதாகமத்திலும் அப்படி ஒரு கல் உண்டு. தீர்க்கதரிசி சாமுவேல் காலத்தில் இஸ்ரவேலர் மிஸ்பா என்ற ஊரில் உபவாசமிருந்து ஜெபித்துக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய எதிரிகளான பெலிஸ்தர் படையெடுத்து வந்தார்கள். கர்த்தர் பெரிய இடியை முழங்கச் செய்தார். வந்த படை கலங்கி ஓடிவிட்டது. சாமுவேல் ஒரு கல்லை எடுத்து, மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே நிறுத்தி, எபெனேசர், அதாவது உதவியின் கல் என்று பேரிட்டு, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்றார்.

இதில் ஒன்றை நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். எபெனேசர் என்ற பெயர் அதே சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் முன்பே ஓர் இடத்தின் பெயராக வருகிறது. அந்த இடத்தின் பக்கத்தில் பாளயமிறங்கிய போரில்தான் இஸ்ரவேலர் முதலில் 4,000 பேரையும் அப்புறம் 30,000 பேரையும் பறிகொடுத்தார்கள். உடன்படிக்கைப் பெட்டியும் எதிரி கைக்குப் போனது. அழுத பெயரையே சாமுவேல் இந்தக் கல்லுக்கு வைத்தார். தோல்வியை மறைக்காமல் சொல்லுகிற நன்றி அது. எனக்கு அதனால்தான் அந்தக் கல்லின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

பெலிஸ்தரும் அதோடு ஒழிந்துவிடவில்லை. சவுல் ராஜா காலத்தில் கோலியாத் என்ற ராட்சத வீரனோடு மறுபடி வந்தார்கள். எல்லாரும் அவன் உயரத்தைப் பார்த்து நடுங்கினார்கள். ஆடு மேய்த்த தாவீது மட்டும், சிங்கத்தின் கைக்கும் கரடியின் கைக்கும் என்னைத் தப்புவித்தவர் இவன் கைக்கும் தப்புவிப்பார் என்றான். மேய்ச்சல் காட்டில் ஒருவரும் பார்க்காமல் நடந்ததை அவன் மறக்காமல் வைத்திருந்தான். ராஜாவின் முன்னால் அவனிடம் இருந்த ஒரே ஆதாரம் அதுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். அன்று ராத்திரி வீட்டுக்குள் தண்ணீர் ஏற ஏற, பிள்ளைகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, மாமியாரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றிருக்கிறார். எல்லாரும் பிழைத்தார்கள். கொட்டகையில் கட்டியிருந்த ஆடுகள் போய்விட்டன. பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, கூடத்துச் சுவரில் இடுப்பளவில் படிந்திருந்த சேற்றுக் கோட்டை மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு அப்படியே விடச் சொல்லிவிட்டார். பளிச்சென்ற சுவரில் அந்தப் பழுப்புப் பட்டை தனியாகத் தெரியும். ஏன் அக்கா என்று கேட்டேன். "அழிச்சிட்டா, முழங்கால் அளவுதான் வந்துச்சுன்னு நானே சொல்ல ஆரம்பிச்சிடுவேன் தம்பி" என்றார்.

எவ்வளவு உண்மை! ஆபத்து போனதும் அதை நாமே சிறிதாக்கிவிடுகிறோம். ஆபத்து சிறிதாகிவிட்டால் காப்பாற்றிய கையும் சிறிதாகிவிடும். செங்கடலைக் கடந்து பாடியவர்கள் மூன்றே நாளில் தண்ணீர் இல்லை என்று முறுமுறுக்கவில்லையா? போன வருடம் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்து, விரலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அன்றைக்கு, அந்த அக்கா அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் ஜெபித்தாராம். "அன்னைக்கு ராத்திரி எங்களைக் கைவிடலையே, இப்ப விட்டுடுவீரா?" விரலை எடுத்தார்கள். மனிதர் நடமாடுகிறார். அக்கா இரண்டையும் சேர்த்தேதான் சொல்லுவார். ஆடுகள் போனதையும் விடமாட்டார்.

எங்கள் வீட்டில் அப்படித் தப்பவில்லையே என்று கேட்கிற நேயர்களும் இருப்பீர்கள். உங்கள் துக்கத்துக்கு என்னிடம் சுலபமான பதில் கிடையாது. சங்கீதம் 77-ஐ எடுத்துப் பாருங்கள். அதைப் பாடிய ஆசாப் தூக்கமில்லாமல், தேவன் இரக்கம் செய்ய மறந்தாரோ என்று கேட்கிறார். பதில் வரவில்லை. அவர் பழைய நாட்களை நினைக்கத் தொடங்குகிறார். கடலில் வழி உண்டானது, ஆனால் நடத்தினவரின் காலடி கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார். தன் கஷ்டம் தீர்ந்ததா என்று கடைசிவரை சொல்லவே இல்லை. மந்தையைப் போல ஜனங்களை நடத்தினீர் என்ற இடத்தில் பாட்டு நின்றுவிடுகிறது. தீராத கஷ்டத்தோடேயே அவர் நம்பினார், நாமும் நம்பலாம்.

இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது, கர்த்தர் உங்களைத் தப்புவித்த ஒரு சம்பவத்தைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எந்த வருடம், எந்த ஊர், அப்போது கையில் எவ்வளவு பணம் இருந்தது, யார் வந்து கதவைத் தட்டினார்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். இழந்ததையும் விடாமல் சொல்லுங்கள். பெரியவர்கள் இருக்கிற வீடு என்றால் முதலில் அவர்களைப் பேசவிடுங்கள். உங்களுக்கே தெரியாதது ஏதாவது வெளியே வரும்.

வணக்கம்.