சைனா பொண்ணுன்னு சொன்ன அண்ணனுக்கு ஒரு பிளேட் அத்தோ

வணக்கம் மக்களே. சத்தம் வருதா? பீச் ஸ்டேஷன் டிரெயின் போகுது, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. நைனா டீ குடிக்கப் போயிருக்காரு, அவர் வர்றதுக்குள்ள பேசிடணும். இன்னிக்கு ரெசிபி எதுவும் கிடையாது. கை பாட்டுக்கு வெங்காயம் உரிச்சுட்டே இருக்கும், கண்டுக்காதீங்க.

நேத்து சாயந்திரம் காக்கி சட்டையில ஒரு அண்ணன் வந்தாரு. ஒரு அத்தோ, ஒரு முட்டை பேஜோன்னாரு. அத்தோன்னா பர்மா நூடுல்ஸ், முட்டை பேஜோன்னா அவிச்ச முட்டைக்குள்ள பொரிச்ச வெங்காயம் வெச்சுத் தர்றது. நான் நூடுல்ஸை எடுத்துப் போட்டு, முட்டைகோஸ், பொரிச்ச வெங்காயம், பொட்டுக்கடலை மாவு, பூண்டு எண்ணெய், புளித்தண்ணி எல்லாம் விட்டு கையால கலந்துட்டு இருக்கேன். அவர் என் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கிறாரு. "இன்னா பாப்பா, சைனா மாரி கீற, எந்த ஊரு?"ன்னு கேட்டாரு.

நிமிர்ந்து பாத்தேன். வலது புருவத்துல ஒரு தழும்பு. அதே ஆளு.

2020 மார்ச் மாசம். ஊரடங்கு போடறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இருக்கும். வியாசர்பாடியில ஒரு ஷேர் ஆட்டோவை கை காட்டி நிறுத்தினேன், ஒரு ஆள் உக்கார்ற இடம் இருந்துச்சு. காலைத் தூக்கி வெச்சுட்டேன். இவர் திரும்பிப் பாத்து, "ஏ, நீ ஏறாத, கொரோனா ஏறிக்கும்"ன்னாரு. உள்ள இருந்தவங்க சிரிச்சாங்க. அதைக் கூட விட்டுடலாம். மீன் கூடை வெச்சுட்டு ஒரு ஆயா உக்காந்திருந்துச்சு, அது மட்டும் சிரிக்கல. முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கிச்சு. நான் காலை எடுத்துட்டேன், வண்டி போயிடுச்சு. மூலக்கொத்தளம் வரைக்கும் நடந்தே வந்தேன். கையில காசு இருந்துச்சு. இன்னொரு வண்டிக்கு கை காட்டத்தான் கூச்சமா இருந்துச்சு.

அப்புறம் எல்லாரும் மாஸ்க் போடணும்னாங்க. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. போட்டுக்கிட்டு கண்ணாடியில பாத்தா கண்ணு மட்டும்தான் தெரியுது. பிரச்சனையே அந்தக் கண்ணுதான்!

புதுசா பாக்கறவங்களுக்காக சொல்றேன். எங்க ஆயா பர்மாக்காரங்க. தாத்தா ராமநாதபுரம் பக்கத்துல இருந்து ரங்கூனுக்குப் போய் கடை வெச்சவரு. 1962ல நே வின் ராணுவ ஆட்சி வந்துச்சு. 1964ல கடைங்களை எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. ஒரு டிரங்குப் பெட்டி, ஆயா, கைக்குழந்தையா எங்க நைனா, இவ்ளோதான் தாத்தாவோட கப்பல்ல வந்து மெட்ராஸ் ஹார்பர்ல இறங்கினது. 1969ல பர்மா பஜார் வந்துச்சு, தாத்தா அங்க கடை போட்டாரு. ரங்கூன்ல இருந்த வரைக்கும் அவரை 'கலா'ன்னு கூப்பிடுவாங்களாம். இந்தியாவுல இருந்து போனவங்களை மட்டமா சொல்றதுக்கு அங்க அந்த வார்த்தைதான். சொந்த ஊருக்கு வந்தோம்டான்னு இறங்கினா, இங்க 'பர்மாக்காரன்'. பேத்தி நான் பர்மாவை மேப்புல பாத்ததோட சரி, நான் 'சைனா'. எங்க குடும்பத்துக்கு இப்படித்தான் பிரமோஷன் வருது.

'கலா'ன்னதும் டேரன் சாமி ஞாபகம் வருது. வெஸ்ட் இண்டீஸ் கேப்டன், 2012லயும் 2016லயும் டி20 உலகக் கோப்பை வாங்கினவரு. ஐபிஎல்ல ஆடும்போது கூட இருந்தவங்க அவரை 'காலு'ன்னு கூப்பிட்டிருக்காங்க. பலசாலின்னு அர்த்தம் போலன்னு அவரும் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாத்திருக்காரு. கருப்பன்னு அர்த்தம்னு 2020லதான் தெரியுது. உடனே ஒரு வீடியோ போட்டாரு. என்னை அப்படிக் கூப்பிட்டவங்க யாருன்னு எனக்குத் தெரியும், வந்து பேசுங்கன்னாரு. கொஞ்ச நாள் கழிச்சு, அதுல ஒருத்தர் பேசினாரு, அன்பாதான் கூப்பிட்டேன்னு சொல்றாரு, நான் நம்புறேன்னு எழுதினாரு. அத்தோட விட்டுட்டாரு. சிலருக்கு அது கடுப்பு, இவ்ளோ சீக்கிரம் விடலாமான்னு. எனக்கு அதுல பிடிச்சது வேற. மொதல்ல வலிச்சுதுன்னு ஊரறியச் சொன்னாரு, அதுக்கப்புறம்தான் மன்னிச்சாரு. நான் சொல்லவே இல்லையே! இத்தனை வருஷமா 'பாவம், தெரியாம சொல்லிட்டாரு, விட்டுட்டேன்'னு எனக்கு நானே பீலா விட்டுட்டு இருந்திருக்கேன். விட்டிருந்தா அந்தத் தழும்பு எதுக்கு ஞாபகம் இருக்கணும்?

வாய்ப்பேச்சுதானேன்னு எல்லாத்தையும் ஒதுக்கவும் முடியாது. 2014 ஜனவரியில அருணாச்சலப் பையன் நிடோ டானியா, டெல்லி லஜ்பத் நகர் கடைத்தெருவுல அவன் முடியைக் கிண்டல் பண்ணதுல ஆரம்பிச்சு, சண்டையாகி, அடி வாங்கி செத்தே போனான். அதுக்கப்புறம்தான் வடகிழக்கு மாநிலத்து ஆளுங்க படற பாட்டைப் பாக்கறதுக்கு பெஸ்பருவா கமிட்டின்னு ஒண்ணு போட்டாங்க. கை ஓங்குனவனை மன்னிக்கறதைப் பத்தி நான் பேசல. அதுக்கு நான் யாரு. நான் பேசறது வாய் தவறினவங்களைப் பத்தி மட்டும்தான்.

சரி, நேத்து கதைக்கு வர்றேன். "வியாசர்பாடிண்ணா"ன்னேன். பிளேட்டை கையில குடுத்துட்டு, "உங்க வண்டியில ஒருவாட்டி ஏற வந்தேண்ணா, கொரோனா ஏறிக்கும்னு சொல்லி விட்டுட்டுப் போயிட்டீங்க"ன்னேன். கத்தல, சிரிக்கவும் இல்ல. கை மட்டும் நடுங்குச்சு, புளித்தண்ணி கொஞ்சம் மேடையில சிந்திடுச்சு.

அவருக்கு சுத்தமா ஞாபகம் இல்ல மக்களே. எனக்கு அதுதான் பெரிய அடி. ஒருத்தர் ஒரு செகண்டுல சொல்லிட்டு மறந்துட்டாரு, நான் அதைச் சுமந்துட்டு அலையறேன். வாயில வெச்ச பேஜோவை மெல்லவும் முடியாம முழுங்கவும் முடியாம நின்னாரு. "நானா சொன்னேன்? சொல்லியிருப்பேன் கண்ணு. அப்ப எல்லாரும் அப்படித்தான் பேசிட்டு இருந்தோம். தப்புதாம்மா. என் பொண்ணை எவனாச்சும் அப்படிச் சொல்லியிருந்தா வகுந்திருப்பேன்"னாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவரு அத்தோட நிறுத்தியிருக்கலாம். "ஆனா உனக்கு இன்னா கொறச்சல், நல்லா கலராதான கீற"ன்னாரு! அண்ணா, அதுவும் அதே கணக்குதாண்ணான்னு சொல்ல வந்தேன், சிரிப்பு வந்துடுச்சு. வாழைத்தண்டு சூப்பு இன்னொரு கப் ஊத்தினேன். காசு வாங்கிக்கிட்டேன், பின்ன? மன்னிப்பு வேற, வியாபாரம் வேற.

இதோட முடிஞ்சிருந்தா இந்த வீடியோவே போட்டிருக்க மாட்டேன்.

எங்க கடையில முட்டைகோஸ் நறுக்கறது, பிளேட் கழுவறது எல்லாம் ஜார்கண்ட்ல இருந்து வந்த ஒரு தம்பி. எட்டு மாசமா இருக்கான். நான் அவனை 'டேய் பான்பராக்'னுதான் கூப்பிடுவேன். செல்லமா. செல்லமான்னுதான் நெனச்சேன். நேத்து நாங்க பேசினதை அவன் பின்னாடி நின்னு கேட்டுட்டு இருந்திருக்கான். ராத்திரி ஷட்டரை இறக்கும்போது, "அக்கா, ஒண்ணு சொல்லவா? நான் பாக்கு போட மாட்டேன்"னான். எங்ககிட்ட கத்துக்கிட்ட தமிழ்லயே சொன்னான்.

அவ்ளோதான் சொன்னான். எட்டு மாசத்துல ஒருநாள் கூட அவன் வாய் சிவந்து நான் பாத்ததில்லன்னு அப்பதான் உறைக்குது. சாரிடான்னேன். "பரவால்லக்கா"ன்னு டக்குனு சொல்லிட்டான். அந்த டக்குனு இருக்கே, அது எனக்கு நல்லாத் தெரியும். நானே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் அந்தப் பரவால்லையை. அதனால மன்னிச்சுட்டானா இல்லையான்னு நானா முடிவு பண்ணிக்கல.

இன்னிக்கு காலையில இருந்து பேரைச் சொல்லித்தான் கூப்பிடறேன். பேரை இங்க சொல்ல மாட்டேன், அவனுக்கு கேமரா பிடிக்காது. தோ, பின்னாடி தண்ணி கேன் தூக்கிட்டு வர்றான் பாருங்க, காலு மட்டும் தெரியும். ரெண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. கோவமெல்லாம் இல்ல மக்களே. இந்தக் கடையில அந்தப் பேருக்குத் திரும்பிப் பாத்து அவனுக்குப் பழக்கமே இல்ல.