நீங்கள் இல்லாத அறையில் உங்களுக்காகப் பேசுவது எது?

(கோவையில், தனித்துத் தொழில் செய்யும் ஆற்றல் தணிக்கை ஆலோசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கே இருப்பவர்களில் பலர், 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி நடக்கும் தேசியத் தேர்வை எழுதித் தேறியவர்கள். மோட்டார், பாய்லர், கம்ப்ரஸர் என்று எதன் முன்னால் நிறுத்தினாலும் எங்கே காசு கரைகிறது என்று சொல்லிவிடுவீர்கள். அந்தத் திறமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. வேலை கிடைப்பதும் கிடைக்காததும் வேறொரு இடத்தில் முடிவாகிறது. அந்த இடத்தில் நீங்கள் இருப்பதில்லை.

ஒரு ஸ்பின்னிங் மில் முதலாளி கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் உங்கள் பெயரைச் சொல்கிறார். நீங்கள் அங்கே இல்லை. அறிக்கையை விளக்கிவிட்டு நீங்கள் கிளம்பிய பிறகு எம்.டி.யும் அவர் மகனும் ஆடிட்டரும் பிளான்ட் இன்ஜினியரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். அப்போதும் நீங்கள் அங்கே இல்லை. தொடர்புகளை வளர்ப்பது என்பதும் மேடையில் விளக்குவது என்பதும் இரண்டு தனிக் கலைகள் என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே வேலை. நீங்கள் இல்லாத அறையில் உங்களுக்காகப் பேசப் போகிறவர் கையில், அவர் தடுமாறாமல் சொல்லக்கூடிய ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவதுதான் அந்த வேலை.

முதலில் ஆட்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் புதிய வேலைக்குப் போனவர்களிடம் ‘தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?’ என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு தடவை அல்லது அதற்கும் குறைவு என்ற வகையினர் 27.8 சதவீதம். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கக்காரர் வேறொரு வட்டத்தில் புழங்குகிறார். நம் காதுக்கு வராத செய்தி அவர் காதுக்கு வருகிறது. கேட்டது வேலை மாறியவர்களிடம்தான் என்றாலும், ஆலோசகர் தொழிலுக்கும் இந்தக் காரணம் அப்படியே பொருந்துகிறது.

ஆகவே மற்ற ஆற்றல் ஆலோசகர்களோடு மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தால் வேலை வராது. கரண்ட் பில் ஏறியதும் முதலாளி யாரிடம் முதலில் புலம்புகிறார் என்று பாருங்கள். ஆடிட்டரிடம். கடன் கணக்கு வைத்திருக்கும் வங்கி மேலாளரிடம். கம்ப்ரஸர் சர்வீஸ் செய்ய வருபவரிடம். எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரிடம். இவர்களில் 40 பேரை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயருக்கு எதிரே மூன்று விஷயம் போதும்: எந்த வகைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார், கடைசியாக எப்போது பேசினோம், நம்மால் அவருக்கு என்ன பயன். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் பெயரைக் கூப்பிட்டுப் பயனில்லை. அதை நிரப்ப வழி தேடிய பிறகு கூப்பிடுங்கள். வாரத்துக்கு மூன்று பேரிடம் பேசினால் 14 வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

பேசும்போது பலரும் செய்கிற தவறு, ‘ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க சார்’ என்பது. கேட்பவர் தலையாட்டுவார், அத்தோடு மறந்தும்விடுவார். என்ன வேலை, யாருக்கு, எப்போது என்று யோசிக்கும் பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் வைத்துவிட்டீர்கள். மாறாக, ‘50 குதிரைத்திறனுக்கு மேல் கம்ப்ரஸர் ஓடுற மில், ஃபவுண்டரிகளில் காற்றுக் கசிவை அளந்து கரண்ட் செலவைக் குறைச்சுக் கொடுக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ஆடிட்டருக்கு உடனே இரண்டு கட்சிக்காரர்களின் முகம் நினைவுக்கு வரும். நீங்கள் பாய்லரும் பார்ப்பீர்கள், சோலாரும் பார்ப்பீர்கள், தெரியும். எல்லாவற்றையும் சொன்னால் எதுவும் நினைவில் நிற்காது. நுழைய ஒரு வாசல் போதும்.

அடுத்து, அவர் அப்படியே தட்டி அனுப்பக்கூடிய நான்கு வரியை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவையுங்கள். யார், என்ன செய்வார், எத்தனை நாள் ஆகும், முதல் சந்திப்புக்குக் கட்டணம் உண்டா இல்லையா. அவர் மேலே ஒரு வரி மட்டும் சேர்ப்பார்: ‘அண்ணா, கம்ப்ரஸர் செலவைப் பத்திச் சொன்னீங்கல்ல, இவர்கிட்டப் பேசிப் பாருங்க.’ அந்த நான்கு வரி இல்லாவிட்டால் அவரே உட்கார்ந்து எழுத வேண்டும். நல்ல மனம் இருந்தாலும் எழுத நேரம் இருக்காது.

கொடிசியா மாதிரி தொழில் அமைப்புகளின் கூட்டத்தில் பேசப் பத்து நிமிடம் கிடைத்தால் உங்கள் கம்பெனிப் பெருமையைச் சொல்லிச் செலவழித்துவிடாதீர்கள். அவர்கள் தாங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சொல்லிக் கொடுங்கள். உதாரணமாக இது: ஞாயிற்றுக்கிழமை, காற்றைப் பயன்படுத்தும் மெஷின் எல்லாம் நின்றிருக்கும்போது, லோடு – அன்லோடு வகை கம்ப்ரஸர் ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். லோடு என்றால் காற்றை அழுத்தி நிரப்பும் நேரம், அன்லோடு என்றால் நிரப்பாமல் சும்மா சுற்றும் நேரம். யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அழுத்தம் இறங்கும். கம்ப்ரஸர் லோடுக்குப் போகும், திரும்ப அன்லோடு ஆகும். செல்போன் கடிகாரத்தில் இரண்டையும் நான்கைந்து சுற்று குறித்துச் சராசரி எடுங்கள். லோடில் 3 நிமிடம், அன்லோடில் 7 நிமிடம் என்றால், மூன்றைப் பத்தால் வகுக்க, அந்தக் கம்ப்ரஸரின் கொள்ளளவில் 30 சதவீதம் கசிவுக்கே போகிறது. இதை ஒரு ஏ4 தாளில், கீழே உங்கள் எண்ணோடு அச்சிட்டுக் கொடுங்கள். ‘ரகசியத்தைக் கொடுத்துவிட்டால் நம்மை எதற்குக் கூப்பிடுவார்கள்?’ என்று சிலர் பயப்படுகிறார்கள். கசிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும், எங்கே என்று தெரியாது. அதற்குத்தான் கூப்பிடுவார்கள். அதுவும் தன் கம்ப்ரஸரில் தன் கையால் எடுத்த எண்ணோடு கூப்பிடுகிறவரை நம்பவைக்க நீங்கள் பாடுபட வேண்டியதே இல்லை.

கண்காட்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திறப்பு நாளில் போய் நூறு கார்டு வாங்கி வருவதால் பயனில்லை. கூட்டம் மெலியும் நேரத்தில் எட்டுப் பத்து ஸ்டால்களில் நின்று பேசுங்கள், வெளியே வந்ததும் கார்டின் பின்பக்கம் பேசிய விஷயத்தை ஒரு வரி எழுதுங்கள், மறுநாளுக்குள் அந்த விஷயத்தைக் குறிப்பிட்டே செய்தி அனுப்புங்கள். கேட்காமல் யாரையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெஷின் விற்பவர் தரும் கமிஷனை வாங்கிக்கொண்டு அந்த மெஷினையே பரிந்துரைப்பவர், தன்னைத் தனி ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நம் சொல்லுக்கு விலை இருப்பதே நமக்கு எந்தப் பக்கமும் இல்லை என்பதால்தான். அறிமுகம் செய்தவருக்கு நீங்கள் பணம் தருவதாக இருந்தாலும் வாடிக்கையாளருக்குத் தெரிந்தே தாருங்கள். கொங்கு நாட்டில் இந்தச் செய்தி மறைந்து கிடக்காது; ஒரு மில்லில் தெரிந்தது அடுத்த வாரம் ஒன்பது மில்லில் தெரியும்.

இனி விளக்கக் கூட்டம். இதற்கு நான் காட்டும் உதாரணம் மிகக் கனமானது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பிய சுமார் 82 விநாடியில், வெளித் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. கலம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவு பாதுகாப்பான பக்கமே சாய்வதுபோன்ற தொனியில் இருந்தது. அதன் கடைசியில், உள்ளுக்குள் தள்ளிய ஒரு சின்ன வரியில்தான் உண்மை இருந்தது: கையில் இருக்கும் சோதனைகள் 3 கன அங்குலத் துண்டை வைத்து நடந்தவை; கலத்தில் மோதியதற்குக் கணித்த அளவு 1,920 கன அங்குலம். 640 மடங்கு. அந்தச் சோதனைத் தரவை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். மேலே இருந்தவர்கள் தலைப்பின் தொனியை எடுத்துக்கொண்டார்கள். பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் விசாரணைக் குழு அந்த ஸ்லைடை அறிக்கையிலேயே எடுத்துப் போட்டுக் குறை சொன்னது. தாள் மேலே மேலே போகும்போது அதை எழுதியவர் கூடப் போவதில்லை. அதனால் தலைப்பிலேயே முடிவு இருக்க வேண்டும்.

நம் வேலைக்கு வருவோம். ‘கம்ப்ரஸ்டு ஏர் ஆய்வு முடிவுகள்’ என்பது தலைப்பு ஆகாது. ‘காற்றுக் கசிவால் ஆண்டுக்கு 11 லட்சம் போகிறது, 2 லட்சம் செலவில் பெரும்பகுதியைத் தடுக்கலாம்’ என்று ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். கீழே ஒரே ஒரு படம் அல்லது ஒரு சிறு அட்டவணை. எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது. குறைத்தால்தான் அடங்கும் என்றால் அது இரண்டு ஸ்லைடு.

கணக்கை எப்படிக் காட்டுவது? 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே போகும் காற்றை உண்டாக்க ஏறக்குறைய 3.5 கிலோவாட் வேண்டும். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓட்டம் என்றால் 21,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் 50 காசு என்று வைத்தால் 1,57,500 ரூபாய். இதை நான்கு வரியாக, ஒவ்வொரு வரியிலும் எது அளந்தது எது அனுமானம் என்று குறித்துக் காட்டுங்கள். முதலாளி உடனே, ‘நாங்க 6,000 மணி நேரம் ஓட்டுறதில்லைங்க, 5,000 தான்’ என்பார். நல்லது, அங்கேயே மாற்றுங்கள், 1,31,250 வரும். எண்ணில் கை வைத்துத் திருத்தியவர் அந்த எண்ணை இனி தன்னுடையதாகப் பேசுவார். வெறும் ‘25 சதவீதம் மிச்சமாகும்’ என்றால் இப்படிக் கை வைக்க இடமே இல்லை. கூடவே அந்த ஓட்டையின் போட்டோவைப் போடுங்கள்: நூல் நூற்கும் மூன்றாம் எண் ரிங் ஃபிரேமுக்குப் போகும் ஹோஸ், கிளாம்ப் தளர்ந்த இடம். அறையில் இருப்பவர்கள் தினமும் கடந்து போகும் இடம் அது.

கூட்டத்தைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான்: பிளான்ட் இன்ஜினியர் உங்கள் முடிவுகளை முதலாளி முன்னிலையில் முதல் தடவையாகப் பார்ப்பது. ஒவ்வொரு கசிவும் அவருக்கு ஒரு குற்றச்சாட்டு. ‘அது போன வாரம்தான் சார் ஆச்சு’ என்று ஆரம்பிப்பார். மீதி நேரம் அதிலேயே போய்விடும். நீங்கள் வெளியேறிய பிறகு அறையில் இருக்கப் போகிறவரும் அவர்தான். இரண்டு நாள் முன்பே அவரிடம் எல்லா எண்ணையும் காட்டுங்கள். தவறைத் திருத்துவார், உங்களுக்குத் தெரியாத காரணங்களையும் சொல்வார். ஸ்பேர் வாங்கக் கேட்டு ஒப்புதல் வராமல் கிடந்தது என்று தெரிந்தால், ‘பராமரிப்புக் குழு முன்பே கேட்டிருந்த கிளாம்ப், கப்ளிங்’ என்று ஸ்லைடில் சேருங்கள். அவருக்கு உரிய நியாயம் அது.

30 நிமிடம் கொடுத்தால் 12 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். நடுவில் போன் வரும், யாராவது செக்கில் கையெழுத்து வாங்க வருவார். உங்களைப் பற்றிய ஸ்லைடு கடைசியில் இருக்கட்டும். பணத்தை லட்சம், கோடியில் சொல்லுங்கள். பேச்சு தமிழிலேயே ஓடட்டும். ‘பவர் ஃபேக்டர்’ என்று அவர்கள் சொன்னால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். எச்.டி.எம்.ஐ வயர், அடாப்டர், பென் டிரைவில் பி.டி.எஃப். எல்லாம் கொண்டுபோனாலும், புரொஜக்டரே வேலை செய்யாத நாளுக்காக ஒரு பக்கச் சுருக்கம் ஐந்து பிரதி கையில் இருக்க வேண்டும். உண்மையில் முக்கியமான பொருள் அந்த ஒரு பக்கம்தான். முடிவு, செலவு, எத்தனை மாதத்தில் மீளும், முதல் வேலை எது, யார் பொறுப்பு. நீங்கள் போனபின் மேஜையில் கிடக்கப் போவது அது.

கட்டணத்தைச் சொன்னதும் நிறுத்துங்கள். மௌனம் தாங்காமல் நாமே குறைக்க ஆரம்பிப்பது பழைய வியாதி. குறைக்கத்தான் வேண்டும் என்றால் வேலையின் அளவையும் சேர்த்துக் குறையுங்கள்: மூன்று ஷெட்டுக்குப் பதில் ஒரு ஷெட். கொட்டேஷனில் பணம் வரவேண்டிய நாளை எழுதுங்கள். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனம் என்றால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: பணம் தர எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. பதிவு எண்ணை பில்லில் அச்சிட்டால் ஆடிட்டரே நினைவூட்டுவார். தாமதமான தொகையைக் கொடுக்கும் வரை செலவாகக் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதி அவருக்குத் தெரியும்.

பதில் வராவிட்டால்? ஏழாம் நாள் ஒரு செய்தி; ‘முடிவு பண்ணிட்டீங்களா?’ என்று கேட்காமல், அந்தக் கூட்டத்தில் எழுந்த கேள்வி ஒன்றுக்குப் பதிலோடு அனுப்புங்கள். 21ஆம் நாள் பிளான்ட் இன்ஜினியரை அழைத்து, அந்த ஹோஸ் கிளாம்பை மாற்றியாகிவிட்டதா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால் அடுத்த ஞாயிறு அதே சோதனையைத் திரும்ப எடுக்கச் சொல்லி, புதிய எண்ணை அவர் பெயரிலேயே முதலாளிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதன் பிறகும் அழைப்பு வரவில்லை என்றால் அந்தப் பெயரை 40 பேர் நோட்டுக்கு மாற்றிவிட்டு, மின் கட்டணம் அடுத்து மாறும் நாளில் அதே நான்கு வரிக் கணக்கைப் புதிய விலையில் போட்டு அனுப்புங்கள்.