சக்கரம் வைத்த மேசைகள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘சிறிய வீடியோ கேம் குழு ஒன்று பெரிய ஸ்டுடியோவின் பெருந்திட்டத்தில் இணைவது கலைக்கு ஆதாயமா, இழப்பா?’ என்ற இன்றைய வழக்கில், ஆதாயமே என்று வாதாட வந்த அணியின் கடைசிப் பேச்சாளனாக நிற்கிறேன்.

எனக்கு முன்பு பேசிய எதிரணித் தோழி தம் உரையைக் கடுகில் தொடங்கினார். ‘கடுகு சிறுத்தாலும் காரம் போகாது, சிறிய குழு சிறியதாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதை ஏன் பெரிய பானையில் கொட்டுகிறீர்கள்?’ என்று கேட்டார். அவை கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் எனக்கு ஒரு சமையலறைச் சந்தேகம் இருக்கிறது. அஞ்சறைப் பெட்டியிலேயே கிடக்கும் கடுகின் காரம் யாருக்குத் தெரியும்? அடுத்தவர் வாணலியில், அடுத்தவர் எண்ணெயில் விழுந்து வெடிக்கும்போதுதானே அதன் வாசம் தெருக்கோடி வரைக்கும் போகிறது?

சரி, கடுகை விட்டு வழக்குக்கு வருகிறேன். எதிரணியினர் மூவரும் சுற்றிச் சுற்றி ஒரே குழுவைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 2013-இல் தொடங்கப்பட்ட காம்போ சாண்டோ என்ற குழு அது. அவர்களுடைய முதல் கேமான ஃபயர்வாட்ச் 2016 பிப்ரவரியில் வந்தது. வந்த ஓராண்டுக்குள் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. 2018 ஏப்ரலில் அந்தக் குழுவின் 12 பேரும் மொத்தமாக, ஹாஃப்-லைஃப் என்ற கேம் வரிசையைச் செய்த வால்வ் என்ற பெரிய நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1920-களின் எகிப்தில் நடக்கும் இன் தி வேலி ஆஃப் காட்ஸ் என்ற இரண்டாவது கேம் அப்போது அவர்கள் கையில் இருந்தது. அதன் வேலை அங்கேயே தொடரும் என்றும் அறிவித்தார்கள். 2019-ஆம் ஆண்டின் இறுதியில், அந்தக் கேம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றும், குழுவினர் அந்த வரிசையின் புதிய கேமான ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் உள்ளிட்ட வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்டார்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். எதிரணியின் வாதம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது: ஒரு கேம் போயிற்று, ஆகவே இழப்பு. பற்றை மட்டும் எழுதி, வரவை எழுதாமல் மூடிவைத்த பேரேட்டைக் காட்டித் தீர்ப்புக் கேட்கிறார்கள். வரவுப் பக்கத்தை நான் திறக்கிறேன்.

முதலில் அந்தக் குழுவின் கைவண்ணம் எதில் இருந்தது என்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் எது போயிற்று, எது போகவில்லை என்பதை அப்போதுதான் அளக்க முடியும். ஃபயர்வாட்ச் ஆடியவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். 1989-ஆம் ஆண்டு, வயோமிங் மாநிலத்தின் ஷோஷோனிக் காட்டில், காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரம் ஒன்றில் கோடைகாலத்தைத் தனியாகக் கழிக்க வந்த ஹென்றியாக நாம் ஆடுகிறோம். தொலைவில் இன்னொரு கோபுரத்தில் டிலைலா என்ற மேற்பார்வையாளர் இருக்கிறார். கதை முடியும் வரையில் இருவரும் நேரில் சந்திப்பதே இல்லை. நடுவில் இருப்பது ஒரு வாக்கி-டாக்கி மட்டுமே. அவர் ஏதாவது கேட்டால் நாம் சொல்லக்கூடிய பதில்கள் திரையில் வரும். எதையும் தொடாமல் விட்டுவிட்டால், நம் மௌனத்தையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு பேச்சு நகரும். வழி தேடினால் திரை மூலையில் குட்டி வரைபடம் கிடையாது. ஹென்றியின் குட்டையான விரல்கள் ஒரு காகித வரைபடத்தை விரித்துப் பிடிக்கும், கூடவே திசைகாட்டியும் வரும். சுடுவதற்குத் துப்பாக்கியில்லை, வெட்டுவதற்கு எதிரியில்லை. கண்முன்னே இரண்டு கைகளையும் காதோரம் ஒரு குரலையும் மட்டுமே வைத்துக்கொண்டு, நான்கைந்து மணி நேரம் ஒருவனை அந்தக் காட்டிலேயே கட்டிப்போடும் வித்தைதான் அவர்கள் கற்று வைத்திருந்தது.

இதை மனத்தில் இருத்திக்கொண்டு, 2020 மார்ச் 23 அன்று வெளிவந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸைப் பாருங்கள். 1998-இல் தொடங்கிய அந்த வரிசையின் நாயகன் கோர்டன் ஃப்ரீமன் எந்தப் பாகத்திலும் வாய் திறந்து ஒரு சொல் பேசியதில்லை. சுற்றியிருப்பவர்கள் பேசுவார்கள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அலிக்ஸில் நிலைமை தலைகீழ். நாம் ஆடும் அலிக்ஸ் வான்ஸ் பேசுகிறாள், கிண்டல் செய்கிறாள், பயப்படுகிறாள். காதில் மாட்டிய கருவி வழியாக ரஸ்ஸல் என்பவர் அவளோடு பேசிக்கொண்டே வருகிறார். மெய்நிகர் (விஆர்) கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் கேம் என்பதால் நம் உடம்பில் கண்ணுக்குத் தெரிவது இரண்டு கைகள்தான். இரண்டு கைகள், காதோரம் ஒரு குரல்! அதன் கதையை எழுதியவர்களில் ஒருவர் ஷான் வேனமன். அவர் காம்போ சாண்டோவை நிறுவியவர்களில் ஒருவர் என்பதை எதிரணி சொல்லாமல் விட்டது மறதியாகத்தான் இருக்க வேண்டும்.

காம்போ சாண்டோ வந்ததால்தான் அலிக்ஸ் பேசினாள் என்று நான் வாதிடவில்லை. பெரும் குழுவாகச் சேர்ந்து சமைத்த குழம்பில் உப்புப் போட்ட கை எது என்று நாக்கு சொல்லாது. நான் சொல்வது, அவர்களுக்குக் கைவந்த வித்தைக்கு அதைவிடப் பொருத்தமான களம் வேறு எங்கும் அமைந்திருக்காது என்பதுதான். அந்தக் கேமின் ஏழாவது அத்தியாயத்தை ஆடியவர்களுக்கு இது புரியும். கைவிடப்பட்ட ஒரு சாராய ஆலைக்குள் ஜெஃப் என்று பெயரிடப்பட்ட ஒரு பிறவி உலவிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கண் தெரியாது, காது மட்டும் கூர்மை. அது வெளியிடும் தூசிப் புகையில் அலிக்ஸுக்கு இருமல் வரும். இருமினால் அது ஓடி வரும். இருமலை அடக்க, கருவியைப் பிடித்த நம் சொந்தக் கையைத் தூக்கி நம் சொந்த வாயருகே வைத்து மூடிக்கொள்ள வேண்டும். அலமாரிக் கதவைத் திறந்தால் பாட்டில் உருண்டு விழும். தரையில் படுவதற்குள் இன்னொரு கையால் பிடித்தாக வேண்டும். நடுக்கூடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சடக்கி நிற்கும் நம்மைப் பார்த்து வீட்டிலுள்ளவர்கள் கவலைப்படுவார்கள், அது வேறு. ஆனால் ஒரு கையசைவை இவ்வளவு பொருளுள்ளதாக்க, மாதக்கணக்கில் ஆட்களை ஆடவைத்துப் பார்த்துத் திருத்தும் பொறுமையும், கேமை இயக்கும் மென்பொருளான, சொந்தமாகச் செய்த கேம் எஞ்சினும், 2019-இல் தானே வடிவமைத்து விற்பனைக்கு விட்ட மெய்நிகர் கருவியும் வைத்திருக்கும் ஒரு ஸ்டுடியோ தேவைப்பட்டது. இது 12 பேர் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கொடுத்துக்கொண்டு செய்கிற காரியமா?

ஒரே ஒரு குழுவை வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று எதிரணி சொல்லக்கூடும் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2005-இல் வாஷிங்டன் மாநிலத்தின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் சிலர் நார்பாகுலர் டிராப் என்ற ஒரு கேமை இறுதியாண்டு வேலையாகச் செய்தார்கள். அதன் நாயகி ஒரு இளவரசி. அவளுக்கு முழங்கால் கிடையாது என்பதால் குதிக்க முடியாது, ஆகவே சுவரில் ஒரு வாசலும் தரையில் ஒரு வாசலும் திறந்து, ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறித்தான் சிறையிலிருந்து தப்ப வேண்டும். குதிக்க வைப்பது அலுப்பான வேலை என்று தோன்றியவர்கள் அதையே கதையாக்கிவிட்டார்களோ என்று எனக்கு ஒரு ஐயம் உண்டு; எப்படியானாலும் அருமையான யோசனை. அதைப் பார்த்த வால்வ் நிறுவனர் கேப் நியூவெல் அந்த மாணவர்களை அப்படியே வேலைக்கு எடுத்துக்கொண்டார். அங்கே அவர்களோடு எழுத்தாளர்கள் சேர்ந்தார்கள். 2007 அக்டோபரில் அதே இரண்டு வாசல்கள் போர்ட்டல் என்ற பெயரில் உலகம் முழுவதும் போயின. கல்லூரிக் கண்காட்சி மேசையோடு நின்றிருந்தால் அந்த வாசல்களை நமக்கு யார் அறிமுகப்படுத்தியிருப்பார்கள்?

எதிரணித் தலைவர் எழுந்தவுடன் 2024-ஐ எடுப்பார் என்று எனக்குத் தெரியும், ஆகவே நானே எடுத்துவிடுகிறேன். அந்த ஆண்டு மே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் குடையின்கீழ் இருந்த ஸ்டுடியோக்களில் சிலவற்றை மூடியது. ஹை-ஃபை ரஷ் என்ற நல்ல கேமைச் செய்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத ஜப்பானின் டேங்கோ கேம்ஒர்க்ஸும் அதில் ஒன்று. மனம் வலிக்கும் செய்திதான். ஆனால் நடுவர் அவர்கள் தலைப்பை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். நாம் பேசுவது பெரிய நிறுவனம் ஒரு ஸ்டுடியோவை விலைக்கு வாங்கி, பெயர்ப்பலகையும் கட்டடமும் அப்படியே இருக்கத் தனிக் கிளையாக விட்டுவைப்பதைப் பற்றியல்ல. அந்தச் சிறு குழு பெரிய திட்டத்துக்குள்ளேயே இறங்கிக் கலந்து வேலை செய்வதைப் பற்றி. இரண்டும் வேறு. தனிக் கிளையாகத் தெரிவதைக் கணக்குப்பிள்ளை ஒரே கோட்டில் அடித்துவிடலாம். மரத்தோடு ஒட்டி, அதன் சாற்றோடு கலந்துவிட்டதை அப்படி வெட்டியெடுக்க முடியாது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். காம்போ சாண்டோவின் நிறுவனர்கள் ஜேக் ராட்கினும் ஷான் வேனமனும் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். அவர்கள் டெல்டேல் கேம்ஸ் என்ற ஸ்டுடியோவில் தி வாக்கிங் டெட் கேமின் முதல் பருவத்தை முன்னின்று செய்தவர்கள். அந்தத் தாய்வீடு எந்தப் பெரிய ஸ்டுடியோவுக்குள்ளும் கரையாமல் தன் பெயரோடுதான் நின்றது. காம்போ சாண்டோ வால்வில் சேர்ந்து ஐந்தே மாதம் கழித்து, 2018 செப்டம்பரில், டெல்டேல் தன் ஊழியர்களில் 200-க்கும் மேற்பட்டோரை ஒரே நாளில், இழப்பீடும் இல்லாமல், வெளியே அனுப்பியது. தனித்து நிற்பது பாதுகாப்பு என்று எதிரணி சொன்னபோது எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

எதிரணியின் வாதங்களில் உண்மையான பலம் உள்ள ஒன்றையும் நான் மறைக்கப்போவதில்லை. 2012-இல் வெளியே வந்த வால்வின் புது ஊழியர் கையேட்டில் ஒரு படம் இருக்கிறது: அங்கே எல்லா மேசைகளுக்கும் சக்கரம் உண்டு. யாரும் உத்தரவு போட்டு ஒருவரை ஒரு திட்டத்துக்கு அனுப்புவதில்லை என்றும், எந்த வேலை முக்கியம் என்று தோன்றுகிறதோ அங்கே அவரவர் மேசையை உருட்டிக்கொண்டு போகலாம் என்றும் அந்தக் கையேடு சொல்கிறது. இந்தச் சுதந்திரம் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. பக்கத்து அறையில் பத்தாண்டுகளுக்கும் மேலாக உலகம் காத்திருந்த ஹாஃப்-லைஃப் உருவாகிக்கொண்டிருக்கும்போது, எகிப்துப் பாலைவனத்துக் கேமின் பக்கத்தில் யார் மேசை நிற்கும்? அதைக் கொன்றது உத்தரவு அல்ல, ஈர்ப்பு. எதிரணி இதை இழப்பு என்கிறது. கேம் ஆடுகிறவனாக நானும் வருந்துகிறேன். கையில் படப்பிடிப்புக் கருவியோடு கல்லறைக்குள் நுழையும் அந்த இரண்டு பெண்களின் முன்னோட்டத்தை 2017 டிசம்பரில் பார்த்துவிட்டு, அதன் முடிவில் வந்த 2019 என்ற வெளியீட்டு ஆண்டை நம்பியவர்களில் நானும் ஒருவன். ஆனால் தலைப்பு என் ஏமாற்றத்தைப் பற்றியதல்ல, கலையைப் பற்றியது. அந்த முன்னோட்டம் வந்த நாளில் மெய்நிகர் கேம்களில் கதை என்று சொல்லிக்கொள்ள என்ன இருந்தது, 2020-க்குப் பிறகு என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் நடுவர் எடைபோட வேண்டும்.

மேசை மணியின் மீது நடுவரின் கை போய்விட்டது. எதிரணித் தலைவர் அடுத்து எழும்போது ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும்: 2018 ஏப்ரலில் அந்த 12 பேரும் வால்வில் சேர மாட்டோம் என்று சொல்லியிருந்தால், முதல் கேமின் வருமானம் தீர்ந்து, இரண்டாவது கேம் பாதியில் நிற்கும் நாளில், அவர்கள் எந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள்?

வணக்கம்.