அதே தண்டவாளம்தான், ஆள்தான் வேறு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் சாப்பாட்டை முடித்த கையோடு தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் பலூனுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் எங்கள் அணியின் நிஜமான உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"நொடித்துப்போன தீம் பார்க்கைத் தூக்கி நிறுத்துவது வானளாவிய ராட்டினங்களா, வாண்டுகளைக் கூட்டிவரும் இளங்குடும்பங்களா?" இதுதான் தலைப்பு. நான் வாண்டுகள் பக்கம். மழலையைப் பற்றிய அந்தக் குறளைச் சொல்லித்தான் தொடங்குவேன் என்று பாதிப்பேர் எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை. அன்பு, பாசம் எல்லாம் அடுத்துப் பேசவரும் அக்கா பார்த்துக்கொள்வார். நான் கணக்குப் பேச வந்தவன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று கல் எறிந்தார். ஒன்று, குழந்தை வளர்ந்துவிடும், ராட்டினம் அப்படியே நிற்கும். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை ஒரு ஐஸ்கிரீமுக்கு மேல் என்ன செலவு செய்யும்? மூன்று, தென் கரோலினாவின் மர்டில் பீச்சில் குழந்தைகளை நம்பிய பார்க் என்ன ஆனது? மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு கதை. ரொம்பத் தூரத்துக் கதை இல்லை, இந்த ஆர்லாண்டோ மண்டபத்திலிருந்து காரை எடுத்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

விண்டர் ஹேவன். எலோயிஸ் ஏரிக்கரை. 1936 ஜனவரியில் டிக் போப் என்பவரும் அவர் மனைவி ஜூலியும் அங்கே ஒரு பூந்தோட்டம் திறந்தார்கள். பெயர் சைப்ரஸ் கார்டன்ஸ். டிஸ்னி வேர்ல்டு வருவதற்கு 35 வருடம் முன்னாலேயே. அந்தக் காலத்தில் புளோரிடாவுக்கு வந்தவர்கள் இதைப் பார்க்காமல் திரும்பமாட்டார்கள். ஏரியில் தண்ணீர்ச் சறுக்கு ஆட்டம், கரையில் குடை மாதிரி விரிந்த கவுன் போட்டுக்கொண்டு அழகழகாகப் பெண்கள். அந்தப் பெண்கள் வந்த விதம் கேளுங்கள். 1940இல் கடும் பனியில் வாசலில் இருந்த பூங்கொடி கருகிவிட்டதாம். பட்ட கொடி கண்ணில் படாமல் இருக்க, பெரிய கவுன் போட்ட பெண்களை அதற்கு முன்னால் நிற்கவைத்தாராம் ஜூலி அம்மா. கருகிய கொடியை மறைக்க வந்தவர்களே கடைசியில் அந்த இடத்துக்கு அடையாளம் ஆகிவிட்டார்கள். நம் வீட்டில் சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் காலண்டர் மாட்டுவோமே, அந்தக் கதைதான்.

1971இல் டிஸ்னி வந்தது. கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது. 1985இல் ஒரு புத்தகக் கம்பெனி தோட்டத்தை வாங்கியது. 1989இல் ஒரு பீர் கம்பெனி வாங்கியது. புத்தகத்திலிருந்து பீருக்குப் போனால் குடும்பம் எந்தத் திசையில் போகும் என்று உங்களுக்கே தெரியும். 2003 ஏப்ரலில் மூடிவிட்டார்கள்.

இப்போதுதான் எதிரணி நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம். 2004இல் புதிய முதலாளி வந்தார். அவர் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? நீங்கள் சொல்லும் மருந்தேதான். ரோலர் கோஸ்டர்கள், ராட்டினங்கள். பெயரையும் சைப்ரஸ் கார்டன்ஸ் அட்வென்சர் பார்க் என்று மாற்றினார். அந்த வருடமே சார்லி, பிரான்சிஸ், ஜீன் என்று மூன்று புயல் வரிசையாக இந்த வட்டாரத்தைப் புரட்டிப் போட்டன. மனிதர் அசரவில்லை. ஒரு மர ரோலர் கோஸ்டருக்கு 'டிரிபிள் ஹரிகேன்' என்று அந்தப் புயல்களின் நினைவாகவே பெயர் வைத்தார். அந்தத் தைரியத்துக்கு ஒரு சலாம். ஆனால் 2006இல் திவால் மனு. 2007இல் ஏலம். 2009 செப்டம்பரில் மறுபடியும் பூட்டு.

நியாயமாகப் பேசுகிறேன் நடுவர் அவர்களே. புயல் செய்த சேதத்தை ராட்டினத்தின் தலையில் கட்டமாட்டேன். புயல் இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்திருக்கலாம். ஆனால் ஒன்று யோசியுங்கள். வயிற்றைக் கலக்கும் ராட்டினம் வேண்டும் என்கிற இருபது வயதுப் பையன் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் பார்க்கின் 'ஹல்க்' என்கிற ராட்சத ரோலர் கோஸ்டர் இருக்கும்போது அதை விட்டுவிட்டு விண்டர் ஹேவனுக்கு எதற்கு வரவேண்டும்? 'ஹல்க்' 1999லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. பக்கத்துத் தெருவில் யானை நிற்கும்போது நம் வாசலில் கன்றுக்குட்டியைக் கட்டிவைத்து "வாங்க, சவாரி போகலாம்" என்றால் யார் வருவார்?

2010 ஜனவரியில் மெர்லின் என்கிற இங்கிலாந்து நிறுவனம் அந்த இடத்தை வாங்கியது. 2011 அக்டோபர் 15ஆம் தேதி கதவு திறந்தபோது பெயர் லெகோலேண்ட் புளோரிடா, லெகோ என்கிற அடுக்குச் செங்கல் பொம்மையை வைத்து எழுப்பிய பார்க். யாருக்காக? இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்காக. வெளிப்படையாகவே சொல்லித்தான் திறந்தார்கள்.

பழைய ரோலர் கோஸ்டர்களை என்ன செய்தார்கள்? இடித்தார்களா? எதற்கு இடிக்க வேண்டும்! புயல் பெயர் வைத்த மரக் கோஸ்டர் இருக்கிறதே, அதைச் சுற்றி லெகோ டைனோசர்களை நிறுத்தி 'கோஸ்டர்சாரஸ்' என்றார்கள். 'ஸ்வாம்ப் திங்' என்று கால் தொங்கத் தொங்க ஓடியது 'பிளையிங் ஸ்கூல்' ஆனது. 'ஓக்கிசோபி ராம்பேஜ்' கோட்டைக்குள் நுழைந்து 'டிராகன்' ஆனது. அதே தண்டவாளம். இருபது வயதுக்காரன் இறங்கிவந்து "இவ்ளோதானா" என்று சொன்ன அதே மேடு பள்ளம். அதில் ஆறு வயதுப் பிள்ளை இறங்கிவந்தால் நடையே மாறிவிடுகிறது, அடுத்த ஒரு வாரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் அதுதான் பேச்சு. நொடித்துப்போன முதலாளி கையில் காசு இருக்காது, 'ஹல்க்'கோடு மல்லுக்கு நிற்க முடியாது. ஆனால் அவரிடம் இருக்கும் சின்ன ராட்டினமே பெரிதாகத் தெரியும் ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தைக் கூப்பிடுங்கள் என்றுதான் எங்கள் அணி சொல்கிறது.

"இது ஒரு தடவை அதிர்ஷ்டம்" என்று எதிரணித் தம்பி முணுமுணுப்பது காதில் விழுகிறது. தம்பி, இங்கிலாந்தில் விண்ட்சர் சஃபாரி பார்க் என்று சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வைத்து நடத்தினார்கள். 1992இல் மூடியது. அதே இடத்தில் 1996இல் லெகோலேண்ட் வந்தது, இன்றும் ஓடுகிறது. சிங்கத்தால் முடியாததைச் செங்கல் பொம்மை செய்தது.

சரி, கல்லுக்கு வருவோம். மூன்று வயதுப் பிள்ளை என்ன செலவு செய்யும்? ஐயா, மூன்று வயதுப் பிள்ளை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வருமா? அதோடு அப்பா வருவார், அம்மா வருவார், ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்த தாத்தா பாட்டி வருவார்கள். ஒரு பிள்ளையின் ஆசைக்கு ஐந்து பேருக்குச் சாப்பாடு. மாலையில் அது தூங்கிவிழும், ஓட்டலில் ரூம் போட வேண்டும். 2015இல் லெகோலேண்ட் புளோரிடா வாசலிலேயே ஓட்டல் கட்டினார்களே, சும்மாவா? உங்கள் காலேஜ் பையன்கள் நாலுபேர் வந்தால் ஒரே பீட்சாவை எட்டாக மடித்துச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், குறை சொல்லவில்லை.

இன்னொரு விஷயம், இது என் வயிற்றெரிச்சல். பார்க்கின் பெயர் வேண்டாம். பெரிய ராட்டினத்துக்குப் பெயர்போன ஓர் இடத்துக்குப் போன வருடம் போனோம். முக்கால் மணி நேர வரிசை. முன்னால் போனதும் ஒரு பெண் அளவுகோலைக் கொண்டுவந்து என் மகள் பக்கத்தில் நிறுத்தினாள். 48 அங்குலம் வேண்டும். இவள் 47 சொச்சம். காலையில் போட்ட குடுமியைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டுப் பார்த்தேன், அந்தப் பெண் ஸ்கேலால் குடுமியை அழுத்திவிட்டாள். பாப்பா அழுதாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் அழுகைதான் வந்தது. கடைசியில் நான் ஏறினேன், அவர்கள் நின்றார்கள். அப்புறம் மனைவி ஏறினாள், நாங்கள் நின்றோம். குடும்பத்தோடு போனோம் என்று பெயர், குடும்பமாக எதிலும் ஏறவில்லை. மூன்று டிக்கெட் விற்ற அந்தப் பார்க்குக்கு அன்றைக்கு லாபம்தான். இந்த வருடம்? நாங்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

வால்ட் டிஸ்னி இதே கஷ்டத்தைத்தான் சொல்வார். லாஸ் ஏஞ்சலஸில் கிரிஃபித் பார்க்குக்கு இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார். பிள்ளைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றும். இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொரிப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது என்பார். 1955இல் டிஸ்னிலேண்ட் வந்தது. இந்தத் தொழிலின் தலைமகன் கிளம்பியதே பெஞ்சில் உட்கார்ந்த ஒரு அப்பாவின் அலுப்பிலிருந்துதான்.

லெகோலேண்டில் அந்தப் பெஞ்சை விட்டு எப்படி எழுப்புகிறார்கள் என்று சொல்கிறேன். 'ரெஸ்க்யூ அகாடமி' என்று ஒரு விளையாட்டு. குட்டித் தீயணைப்பு வண்டி. எஞ்சின் நாம்தான். குடும்பமாக ஏறி, நம் ஊர் அடிபம்பு மாதிரி ஒரு கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால்தான் வண்டி நகரும். எதிரே எரிகிற கட்டடம் வரை அடித்துக்கொண்டே போய், இறங்கி, மறுபடி அடித்தால் குழாயில் தண்ணீர் வரும். நெருப்பை அணைத்துவிட்டு அதே மாதிரி திரும்பி வர வேண்டும். பக்கத்து வண்டியில் இன்னொரு குடும்பம், போட்டி. நான் ஐ.டி.யில் வேலை பார்ப்பவன், மவுசைத் தவிர எதையும் அசைத்ததில்லை. பத்தே அடியில் மூச்சு வாங்கியது. திருவண்ணாமலைப் பக்கம் அடிபம்பில் குடம் குடமாக அடித்து வளர்ந்த என் மனைவி "தள்ளுங்க" என்று கைப்பிடியைப் பிடுங்கினாள். அன்றைக்கு ஜெயித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. என் மகள் குழாயைப் பிடித்துக்கொண்டு "அம்மா, இன்னும் ஃபோர்ஸா!" என்று கத்தினாள் பாருங்கள், அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் நாங்கள் மறுபடி மறுபடி போகிறோம். அந்த வண்டியை நகர்த்துவது நம் கைதான். நொடித்த பார்க் முதலாளிகள் கவனிக்க.

என் மாமனாருக்கு ரத்தக் கொதிப்பு. எந்த ராட்டினமும் ஆகாது. ஆனால் பழைய சைப்ரஸ் கார்டன்ஸ் தோட்டத்தை அழிக்காமல் உள்ளேயே வைத்திருக்கிறார்கள். அங்கே ஓர் ஆலமரம், 1939இல் கன்றாக நட்டது. இப்போது விழுது விட்டு, விழுதெல்லாம் தூணாகி, ஒரு கல்யாணமே நடத்தலாம். மாமனார் ஒரு விழுதைத் தட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை, இதுக்கு யாரு விசா கொடுத்தா?" என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார், மதியம் மூன்று மணிக்குத்தான் எழுந்தார்.

மர்டில் பீச் கதைக்கு வருகிறேன். 2008இல் ஹார்ட் ராக் பார்க் என்று சுமார் 40 கோடி டாலரில் திறந்தார்கள். ராக் இசை, பெரிய ராட்டினம், எல்லாம் உங்கள் அணிச் சரக்கு. அந்த வருடம் செப்டம்பரிலேயே திவால். அடுத்த வருடம் வேறு கை மாறி, ஃப்ரீஸ்டைல் மியூசிக் பார்க் என்று போர்டு மாற்றி, குழந்தைகளுக்கு ஒரு மூலை ஒதுக்கினார்கள். அந்த ஒரே சீசன், அதோடு மூடியாயிற்று. இதை நாங்கள் தோற்ற ஆட்டம் என்கிறார் எதிரணித் தலைவர். ஐயா, ஐ.சி.யூ.வில் கிடப்பவருக்குக் கடைசி மணி நேரத்தில் ஒரு ஸ்பூன் கஞ்சி கொடுத்துவிட்டு, "கஞ்சி கொடுத்ததால் போய்விட்டார்" என்று சொல்லலாமா? மூலையில் இடம் ஒதுக்குவது வேறு, மொத்த வீட்டையும் பிள்ளைக்கு ஏற்றமாதிரி மாற்றுவது வேறு.

குழந்தை வளர்ந்துவிடுமாம், ராட்டினம் நிற்குமாம். நிற்குமா? நியூ ஜெர்சியில் 'கிங்டா கா' என்று ஒன்று. 456 அடி. 2005இல் திறந்தபோது உலகிலேயே உயரம் அதுதான். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒஹாயோவில் 420 அடியில் திறந்தவர்கள், அன்றைக்கே இரண்டாம் இடம். அந்தக் 'கிங்டா கா'வை 2025 பிப்ரவரியில் வெடிவைத்துச் சாய்த்தார்கள். நீங்கள் நிற்கும் என்று சொன்ன ராட்டினம் இருபது வருடத்தில் மண்ணோடு போயிற்று. குழந்தை வளர்கிறது, வாஸ்தவம். அதற்குள் வீட்டில் தம்பி பிறந்துவிடுகிறான். அந்தத் தம்பிக்காகத்தான் 2022இல் லெகோலேண்டுக்குப் பக்கத்திலேயே பெப்பா பிக் என்கிற கார்ட்டூன் பன்றிக்குட்டியின் பெயரில் ஒரு பார்க்கைத் திறந்தார்கள். அதற்குத் தனி டிக்கெட், அதையும் கவனியுங்கள்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். என் அக்கா மகனுக்குப் பதினாலு வயது. லெகோலேண்டில் அன்று முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனையே நோண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு உங்கள் ராட்டினம்தான் சரி. கடல் விலங்குகளை வைத்து நடத்தும் சீவேர்ல்டுகூட, 2013இல் வந்த ஓர் ஆவணப்படத்தால் கெட்ட பெயரில் சிக்கி, கூட்டம் குறைந்து தவித்தபோது 2016இல் 'மேக்கோ' என்று பெரிய கோஸ்டரும் கட்டியது, 2019இல் செசமி ஸ்ட்ரீட் என்று வாண்டுகளுக்கான பகுதியும் திறந்தது. இரண்டு காலிலும் நின்றது. ஆனால் பெரிய ராட்டினத்துக்கே பேர்போன யுனிவர்சல் 2023இல் சின்னப் பிள்ளைக் குடும்பங்களுக்கென்றே தனியாக ஒரு பார்க் கட்டப்போவதாக அறிவித்ததே, அதுவும் டெக்சாஸ் ஃப்ரிஸ்கோவில்! ஃப்ரிஸ்கோவில் நம்மவர்கள் எத்தனை பேர், எத்தனை ஸ்ட்ரோலர் என்று அந்த ஊரிலிருந்து வந்திருப்பவர்களைக் கேளுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன் நடுவர் அவர்களே. அடுத்து எதிரணித் தம்பி வருகிறார், பிரமாதமாகப் பேசுவார். அவர் வீட்டம்மா மூன்றாம் வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் அவர்கள் வீட்டில் ஆண்டு பாஸ் வாங்கியது எந்தப் பார்க்குக்கு என்று, தீர்ப்புக்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.