சும்மாதானே கிடக்கிறது!

நடுவர் அவர்களுக்கும் குலசேகரத்து மக்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பயனற்றுப் போன மலை அணையை அகற்ற அரசுப் பணத்தைச் செலவிடலாமா என்பது தலைப்பு. செலவிட்டே ஆக வேண்டும் என்பது எங்கள் அணி. எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "செத்த மாட்டுக்கு யாராவது புல்லு வாங்கிப் போடுவானா? அணை சும்மாதானே கிடக்கிறது, கிடக்கட்டும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்தச் 'சும்மா'வையே எடுத்துக்கொள்வோம்.

எங்கள் வீடு ரப்பர் தோட்டத்துச் சரிவில். பின்னால் மேட்டில், ஓடைத் தண்ணீரைப் பிடிக்க எங்க பாட்டா கல்லும் சாந்தும் வைத்துப் பெரிய தொட்டி ஒன்று கட்டியிருந்தார். பஞ்சாயத்துக் குழாய் வந்ததும் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே முக்கால்வாசி வண்டல். வெளிச்சுவரில் ஒரு விரிசல், என் சுண்டுவிரல் போகும். "இடிச்சுப் போடுங்க" என்று பாட்டி சொல்லாத மழைக்காலம் இல்லை. பாட்டா சொல்வார்: "எட்டாள் கூலி யாரு கொடுப்பா? சும்மாதானே கிடக்கு."

அடுத்த வருசம் அந்த விரிசலில் என் பெருவிரல் போனது. ஓடிப்போய்ச் சொன்னேன். "சும்மாதானே கிடக்கு மக்களே."

அப்புறம் ஒரு ஐப்பசி ராத்திரி. இரண்டு நாளாக விடாத மழை. அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது. பின்பக்கம் லாரியிலிருந்து கருங்கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அடுக்களைக் கதவு தானாகத் திறந்தது. முதலில் வந்தது தண்ணீர் இல்லை, சேறு! முப்பது வருசச் சேறு! அடுப்பு அணைந்து, கஞ்சிப்பானை மிதந்து, நடுவீட்டைத் தாண்டி முன்வாசல் வழியாகப் போனது. பாட்டா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். தொழுவத்துக்குப் போக யாருக்கும் நேரமில்லை.

அண்ணே, நீங்கள் செத்த மாட்டைப் பற்றிப் பேசினீர்கள். எங்கள் பசு அன்று சாயங்காலம் வரை உயிரோடுதான் இருந்தது. ஈன்று பத்து நாள். காலையில் தூணில் கயிறு மட்டும் இருந்தது. எட்டாள் கூலி கொடுத்திருந்தால் அந்தக் கன்றுக்குத் தாய் இருந்திருக்கும்.

ஒரு தொட்டிக்கே இப்படி. கலிபோர்னியாவில் கார்மல் ஆற்றின் சான் கிளமென்டே அணை, 1921இல் கட்டியது. உள்ளே 90 சதவீதத்துக்கு மேல் வண்டல், கீழே குடியிருப்புகள். பெரிய நிலநடுக்கம் வந்தால் தாங்காது என்றார்கள். அணையை வைத்திருந்த கம்பெனி ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு போட்டு 2015இல் அகற்றினார்கள். விழுந்த பிறகு அழுவதற்குக் காத்திருக்கவில்லை.

பேச்சிப்பாறையையும் இடிப்பாயா என்று பின்வரிசையில் ஒரு குரல். 1906இல் கட்டி முடித்து இன்றும் நம் வயலுக்குத் தண்ணீர் விடுகிற அணை அது. அதில் யாராவது கைவைத்தால் குறுக்கே படுக்கிற முதல் ஆள் நான்.

எதற்குப் பொதுப்பணம் என்றார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றில் மின்சாரத்துக்கென்று இரண்டு தனியார் அணைகள். சால்மன் மீன் மேலே ஏற வழியில்லை, மணல் கீழே இறங்க வழியில்லை. கடலோரம் கரைந்தது. 1992இல் சட்டம் போட்டு, மத்திய அரசே வாங்கி, 2011இல் தொடங்கி 2014இல் இடித்து முடித்தது. ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் மறுபடி மணல் மேடிட்டது. கரையை இழந்தது ஊர் என்றால், ஊர்ப்பணம் வேறு எதற்கு?

எங்க அம்மை பிறந்தது தேங்காப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரை. அங்கே கடலரிப்புக்கு அணை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் பிறந்த வீடு இன்று கடலுக்குள். போகும்போதெல்லாம் அலையைக் கைகாட்டி, "அதுதான் அடுக்களை, அதுதான் மீன் உணக்குற இடம்" என்பாள்.

போன வாரம் எல்வா கரையின் படத்தைப் போனில் காட்டினேன்.

"போன மணல் திரும்பி வந்துச்சா மக்களே?"

"வந்துச்சு அம்மை."

கண்ணாடி மேல் கட்டைவிரலால் அந்த மணலைத் தடவிப் பார்த்தாள், நடுவர் அவர்களே. ரொம்ப நேரம் தடவினாள்.